அனுப்புநர், பெறுநர், பொருள்: புலம்பலை மனுவாக்குவது எப்படி?

நாகர்கோவிலில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஒரு மடக்கு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மேலே ஒரு தார்ப்பாய், இவ்வளவுதான் ஆபீஸ். 22 வருடமாகிறது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்றைக்கு எட்டு மணிக்கே ஆள் நிற்கும். விளவங்கோடு பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவர்கள், கடற்கரை ஊர்க்காரர்கள், தோவாளைச் சந்தையில் பூவைக் கொடுத்துவிட்டு வெறும் கூடையோடு அப்படியே வருபவர்கள்.

யாரும் மனுவோடு வருவதில்லை. புலம்பலோடுதான் வருகிறார்கள். அதை வாங்கி, உதறி, மடித்து அரைப் பக்கத்துக்குள் வைப்பதற்குத்தான் எனக்குக் கூலி. இதைச் செய்து செய்து ஒன்று பிடிபட்டது. புலம்பலிலும் மனுவிலும் இருப்பது ஒரே சங்கதிதான். மனுவில் நாலு இடம் நிரம்பியிருக்கும், புலம்பலில் அந்த நாலும் காலியாகக் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் படித்தபோது சொல்லித் தந்த அதே இடங்கள்: அனுப்புநர், பெறுநர், பொருள், கடைசியில் வேண்டுகோள்.

புலம்பும் பழக்கத்தை விட வேண்டும் என்று புதிதாக நினைப்பவர்களுக்கு அந்த வரிசையிலேயே வழி சொல்கிறேன். அரசாங்கத்துக்கு எழுத மட்டும் இல்லை, வீட்டுக்குள் வாயைத் திறக்கவும் இது உதவும்.

புலம்பினால் என்ன நஷ்டம்?

எங்கள் பக்கம் ஆவலாதி என்று ஒரு சொல் உண்டு, முறையீடு என்று அர்த்தம். மலையாளத்திலும் அதே சொல். ஆவலாதி சொல்ல எதிரே ஓர் ஆள் வேண்டும். கேட்டுவிட்டு அவர் ஏதாவது செய்ய வேண்டும். புலம்பலுக்குச் சுவர் போதும்.

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிறதே, அங்கேதான் வம்பு. காரியம் நடந்தால் கிடைக்க வேண்டிய நிம்மதியில் பாதி, சொன்னதுக்கே கிடைத்துவிடுகிறது. முன்பணம் வாங்கிய கொத்தனார் மறுநாள் வேலைக்கு வராத கதைதான். நாளைக்கு நெஞ்சு மறுபடி கனக்கும், மறுபடி சொல்வோம், மறுபடி முன்பணம். சுவர் மட்டும் எழும்பாது.

இன்னொரு நஷ்டம் என் மேஜையில்தான் தெரியும். ஒரு விஷயம் நடந்து ஒரு வாரத்துக்குள் வருபவரிடம் தேதி இருக்கும், வண்டி நம்பர் இருக்கும், யார் என்ன சொன்னார் என்பது இருக்கும். நாலு மாதம் புலம்பிவிட்டு வருபவரிடம் கோபம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். சொல்லச் சொல்ல உவமைகள் சேர்ந்து, விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. "என்னை நாயை விரட்டுற மாதிரி விரட்டினாவ" என்பார். எந்தத் தேதி என்றால் மேலே தார்ப்பாயைப் பார்ப்பார்.

கேட்பவர்கள் கழன்றுகொள்வது மூன்றாவது. டீக்கடையில் புலம்புபவர் தலை தெரிந்ததும் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, இதை வைத்துக்கொண்டு குறையே சொல்லாதே, இருப்பதில் திருப்திப்படு என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. அந்த உபதேசத்தை அதிகம் செய்பவர்கள் சம்பளம் கொடுக்கும் நாற்காலியில் இருப்பவர்கள் என்பது என் அனுபவம். இந்த மாவட்டமே கேட்டு வாங்கியதுதான். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1 அன்று அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அதற்கு முன்னால் நேசமணி தலைமையில் எத்தனையோ கூட்டம், எத்தனையோ மறியல். 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. யாரிடம் கேட்கிறோம், என்ன கேட்கிறோம் என்பதை அவர்களால் ஒரே வரியில் சொல்ல முடிந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர். அவ்வளவுதான். வழுக்கிப் போக இடம் இல்லாத வரி.

முதலில் முழுசாகக் கொட்டுங்கள், ஆனால் காகிதத்தில்

நாற்காலியில் உட்கார்ந்த உடனே நான் பேனா எடுப்பதில்லை. "அஞ்சு நிமிஷம் பேசுங்க, நான் எழுத மாட்டேன்" என்பேன். பேசட்டும், அழட்டும், ஏசட்டும். அடைத்து வைத்ததை விடாமல் விவரம் வெளியே வராது.

வீட்டில் தனியாகச் செய்வதானால் ஒரு முழுநீளத் தாளை எடுத்து வாயில் வருகிறபடியே எழுதுங்கள். யாரும் படிக்கப் போவதில்லை. எழுதி முடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, தேதி, எண், தொகை, ஆளின் பெயர், இடம் இதற்கெல்லாம் மட்டும் அடிக்கோடு போடுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நாலு கோடுதான் விழும். ஒன்றுமே விழவில்லை என்றால் அந்தத் தாளுக்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

அனுப்புநர்

இது யாருடைய குறை? சிரிக்காதீர்கள், பாதிப் பேர் இந்தக் கேள்வியிலேயே எழுந்து போயிருக்கிறார்கள். மருமகனின் முதலாளி, பக்கத்து வீட்டுக்காரரின் வழிப்பிரச்சினை, சித்தப்பா பெண்ணின் கல்யாணம். பாதிக்கப்பட்டவர் உங்களைப் பேசச் சொல்லியிருந்தால் பேசலாம். இல்லாவிட்டால் அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பெறுநர்

எனக்குப் பிடித்த இடம் இது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. அப்பா வீட்டுச் சொத்தில் பங்கு தரும்போது பின்பக்கக் கிணற்றுக்குப் போகும் வழியை அண்ணன் வேலி போட்டு அடைத்துவிட்டார் என்று ஆரம்பித்தார். அண்ணி, அண்ணியின் தாயார், 1990-களில் நடந்த ஒரு சடங்கு எல்லாம் வந்து போயின. கலெக்டருக்கு மனு எழுத வேண்டுமாம்.

"அண்ணன்கிட்ட சொன்னீங்களாம்மா?"

"ஊருக்கே தெரியும் அண்ணாச்சி."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, குடிக்காமல் மறுபடி மூடினார். நான் அன்றைக்குக் காசு வாங்கவில்லை. பெறுநர் என்ற இடத்தில் கலெக்டரை எழுதாமல் அண்ணன் பெயரை எழுதி, கீழே இரண்டே வரி எழுதிக் கொடுத்தேன். வேலியில் மூன்றடிக்கு ஒரு தட்டி வைத்துக் கொடுத்தால் போதும், மழைக்காலத்தில் ரோடு சுற்றி வர முடியவில்லை என்று. அதை அண்ணனிடம் கொடுத்தாரா, வாயால் சொன்னாரா தெரியாது. கலெக்டருக்கு எழுத வேண்டும் என்று பிறகு வரவில்லை.

ஆகவே இரண்டாம் படி: இதைச் சரிசெய்யக் கை உள்ள ஆள் யார்? அவரிடம் சொல்லியாயிற்றா? சொல்லாமல் வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் நாக்கு அரிக்கும். ஒரு துணைக்கு வேண்டுமானால் நம்பிக்கையான ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், "இதை எப்படிக் கேட்கலாம்?" என்று யோசனை கேட்கலாம். அது புலம்பலில் சேராது.

பொருள்

ஒரு வரி. இரண்டு வரியானால் இரண்டு மனு. மாமியாரின் பேச்சும் கேஸ் சிலிண்டர் செலவும் ஒரே மூச்சில் வந்தால் கேட்பவருக்கு எதைப் பிடிப்பதென்று தெரியாது. எது எளிதோ அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். சிலிண்டருக்குக் காசு தந்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று கணவர் நினைத்துக்கொள்வது இப்படித்தான்.

"எப்போ பார்த்தாலும்", "ஒருநாளும்", "யாருமே" என்ற சொற்களை அடித்துவிடுங்கள். அவற்றை வைத்து எந்த அலுவலகத்திலும் ஒரு கோப்பு நகர்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டிலும் அப்படியே. "நீங்க ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்ல" என்றால், போன மாதம் ஒருநாள் ஆறு மணிக்கே வந்ததை அவர் எடுத்து நீட்டுவார். அப்புறம் சண்டை அந்த ஒருநாளைப் பற்றியதாக மாறிவிடும்.

தெருவிளக்கு எரியவில்லையா, கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரம் சம்பந்தப்பட்டது என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லும்போதும் இணைப்பு எண் கையில் இருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும்.

வேண்டுகோள்: என்ன வேண்டும்?

இதைக் கேட்டால்தான் எல்லாரும் திகைக்கிறார்கள். என்ன தப்பு நடந்தது என்று ஒரு மணி நேரம் சொல்பவருக்கு, என்ன நடந்தால் வீட்டுக்குப் போவீர்கள் என்றால் பதில் இருக்காது. "நியாயம் வேணும்" என்பார்கள். நியாயம் வேண்டியதுதான், ஆனால் அதை ஒரு அலுவலர் செவ்வாய்க்கிழமை காலை வந்து செய்து தர முடியாதே.

ஒரு சானலின் கடைவரம்பில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஜூன் மாதத்தில் வந்தார். (கால்வாயை நாங்கள் சானல் என்றுதான் சொல்வோம்.) பேச்சிப்பாறை அணை திறந்து நாளாகிவிட்டது, கன்னிப்பூ என்கிற முதல் போகத்து நாற்று முற்றுகிறது, வயலுக்கு ஈரம் வரவில்லை. கையில் ஆறு பக்கம். பேரன் எழுதிக் கொடுத்ததாம். விவசாயிக்கு மதிப்பில்லை என்று தொடங்கி, நாட்டின் முதுகெலும்பு வரை போய்த் திரும்பியிருந்தது. வயலின் சர்வே எண் எங்கேயும் இல்லை.

"என்ன வேணும் பாட்டா?"

"தண்ணி."

"தண்ணி இப்போ எதுவரைக்கும் வந்து நிக்கு?"

தெரியவில்லை. எட்டு நாளாக ஊரில் எல்லாரும் பேசியிருக்கிறார்கள், ஒருவரும் கரையோடு மேலே நடந்து பார்க்கவில்லை. நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். முகம் சுண்டிப் போனார். நான் தட்டிக் கழிக்கிறேன் என்று நினைத்திருப்பார். வியாழக்கிழமை வந்தார், வேட்டியில் சேறு. ஒன்றரை கிலோமீட்டர் மேலே ஒரு பாலத்தடியில் ஆகாயத்தாமரையும் வாழைத்தடையும் பிளாஸ்டிக்கும் கோட்டை கட்டி நின்றதாம். நாலு பேர் சேர்ந்து மண்வெட்டியோடு அரைநாளில் எடுத்துவிட்டார்கள். தண்ணீர் வந்தது, ஆனால் பாதிதான். அதற்குக் கீழே ஒரு மடையின் ஷட்டர் துருப்பிடித்து இறங்காமல் நின்றதால் மீதி வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது அவர்கள் கை வைக்கக் கூடியதில்லை.

இப்போது மனு அரைப்பக்கம்கூட வரவில்லை. மடை இருக்கும் இடம், ஷட்டர் எந்தத் தேதியிலிருந்து பழுது, கீழே எத்தனை ஏக்கர், செல்போனில் எடுத்த இரண்டு படம், "ஷட்டரைப் பழுதுபார்த்துத் தர வேண்டுகிறோம்." மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதைக் கொடுத்தார். ஷட்டர் சரியாக எனக்குத் தெரிந்து ஏழு வாரம் ஆனது. உடனே நடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

வேண்டுகோள் எழுதும்போதே, இதில் எவ்வளவு என் மண்வெட்டிக்கு உட்பட்டது, எவ்வளவு இன்னொருவரின் ஷட்டர் என்று பிரித்துவிடுங்கள். வீட்டு விஷயத்துக்கும் இதே கணக்கு. "என்னை மதிக்கிறதே இல்ல" என்பது ஆறு பக்கப் புலம்பல். "சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்கூட வரணும்" என்பது வேண்டுகோள். இரண்டாவதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் வந்தே தீரும்.

கொடுத்த பிறகு

திங்கட்கிழமை மனுவுக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். அதை வாங்காமல் படி இறங்காதீர்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். நாகர்கோவில் வர முடியாதவர்கள் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-இல் பேசலாம், அங்கேயும் எண் தருவார்கள். பதில் வராமல் கிடந்தால் இரண்டாவது சுற்றுப் புலம்பலை ஆரம்பிக்காமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது 2005 சட்டம். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் நழுவுவார்கள். "இந்தத் தேதியிட்ட, இந்த எண்ணுள்ள என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகல் தருக" என்று கேளுங்கள்.

காத்திருக்கும் நாளில் யாராவது "என்னாச்சு?" என்றால், "மனு கொடுத்திருக்கேன், இன்ன தேதி வரை பார்ப்பேன்" என்று சொல்லிப் பழகுங்கள். நாள் குறித்துவிட்ட விஷயம் நடுவில் வந்து தூக்கத்தைக் கெடுப்பது குறைவு.

பெறுநர் இல்லாத குறைகள்

மழை, வயசு, ரப்பர் விலை. குலசேகரம் பக்கத்தில் என் மச்சானுக்கு ஒரு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். பால் வெட்டுபவனுக்கு இரண்டு பக்கமும் அடி. பல வருடம் அவர் வாயைத் திறந்தாலே விலைதான். டெல்லி, ரப்பர் போர்டு இருக்கும் கோட்டயம், டயர் கம்பெனி என்று ஏசாத இடம் இல்லை. ஏசியதில் உண்மையும் இருக்கும், ஆனால் ஒரு ஏக்கர்காரர் சொல்லி விலை ஏறப் போவதில்லை.

பிறகு ஒரு வருடம் ஜூன் பிறப்பதற்கு முன்னாலேயே மரத்துக்கெல்லாம் ரெயின்கார்டு ஒட்டினார். வெட்டுக்கு மேலே பாவாடை மாதிரி ஒரு பிளாஸ்டிக், அவ்வளவுதான். சிரட்டையில் மழைத்தண்ணீர் விழவில்லை, வெட்டும் நாள் கூடியது. பாலை நன்றாக வடிகட்டி, சுத்தமான தண்ணீர் சேர்த்து, ஷீட்டை நன்றாகப் புகையில் காயவைத்தார். ஷீட்டில் குமிழியும் அழுக்கும் ஈரமும் இருந்தால் கடைக்காரர் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தே கிரேடைக் குறைத்துவிடுவார். பேப்பரில் வரும் விலை நாலாம் கிரேடு ஷீட்டுக்கு உள்ளது. நம்முடையது அதற்குக் கீழே போனால் பேப்பர் விலையைப் பார்த்து அழுது பிரயோஜனம் இல்லை. விலையைப் பற்றி இப்போதும் ஏசுகிறார். ஆனால் காலையில் வெட்டி முடித்த பிறகுதான்.

பெறுநர் இல்லாத குறைக்கு ரெயின்கார்டு எது என்று தேடுவதுதான் படி. சிலதுக்கு அதுவும் இருக்காது. அப்போது தாளை மடித்து அடுப்பில் போடுங்கள்.

துக்கம் வேறு

அடிக்கோடு ஒன்றுமே விழாத தாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. டிசம்பரில் கடற்கரையிலிருந்து வந்தவர்களுக்கு நான் மனு எழுதியிருக்கிறேன். படகின் பதிவு எண், எந்தத் துறைமுகத்திலிருந்து போனது, எத்தனை பேர், கடைசியாகப் போனில் பேசியது எந்த நாள். எழுதி முடித்த பிறகும் ஒரு அம்மா எழுந்து போகவில்லை. மகன் சாப்பிடாமல் போனதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அதற்குப் பெறுநரும் கிடையாது, வேண்டுகோளும் கிடையாது. அதைப் புலம்பல் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பக்கத்தில் உட்காருவதைத் தவிர வேறு வேலை எனக்கு அன்றைக்கு இருக்கவில்லை.

உங்கள் தாளில் இருப்பது துக்கமானால், அதை மனுவாக்கப் பாடுபடாதீர்கள். கேட்கத் தெரிந்த ஒருவரிடம் போய் அழுங்கள்.

உங்களிடம் யாராவது புலம்பினால்

"எனக்கு இதைவிட மோசம்" என்று போட்டிக்கு நிற்காதீர்கள். கேட்காத யோசனையும் வேண்டாம். "நான் இதைக் கேட்டா போதுமா, இல்ல கூட வரணுமா?" என்று ஒரு கேள்வி. பெரும்பாலானவர்கள் கேட்டால் போதும் என்பார்கள். மூன்றாவது முறையும் அதே கதை வந்தால் மெதுவாக, "அவருகிட்ட சொல்லியாச்சா?" என்று கேட்கலாம். சிரித்துக்கொண்டே கேளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஒரு புதுப் பெறுநர் ஆகிவிடுவீர்கள்.

என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். இ-சேவை மையங்களும் ஆன்லைன் மனுவும் வந்த பிறகு எனக்குக் கூட்டம் பாதியாகிவிட்டது. இரண்டு வருடம் அதையே பேசினேன். வந்தவரிடம், போனவரிடம், சாப்பிடும்போது வீட்டுக்காரியிடம். ஒருநாள் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே அவள், "இத யாருக்கு எழுதணும்னு சொல்லுங்க, நான் கையெழுத்து போடுதேன்" என்றாள். பதில் வரவில்லை. அடுத்த வாரம் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணிடம் பேசினேன். வாசகம் என்னுடையது, ஏற்றுவது அவள், கூலியில் பங்கு. அவள் வேகத்துக்கு என்னால் சொல்ல முடியவில்லை என்பதுதான் இப்போதைய பிரச்சினை.

திங்கட்கிழமை வருவதானால் பத்து மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், அப்புறம் வரிசை நீளும். ஆதார் நகல் ஒன்று, பழைய மனு ஏதாவது கொடுத்திருந்தால் அதன் எண், சம்பந்தப்பட்ட தேதிகள் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு. ஆறு பக்கம் எழுதியிருந்தாலும் கொண்டு வாருங்கள், பரவாயில்லை. கோடு போட ஸ்கேல் என்னிடம் இருக்கிறது.